தேன் உறைந்தால், நுரைத்தால், நீர்த்தால்: முதலில் எடுத்த மாதத்தைக் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கம் தேன் வாங்கிப் போனவர்களிடமிருந்து வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே ரகம். "சீனி கலந்துட்டாங்க" என்பது ஒன்று. "போன தடவை வாங்கினது இப்படி இல்லையே" என்பது இன்னொன்று. முதலாவது எப்போதாவது உண்மை. இரண்டாவது எப்போதுமே உண்மை. ஒரே தோட்டத்தில், ஒரே தேனீப் பெட்டியில் எடுத்ததாக இருந்தாலும் மாசியில் எடுத்த தேனும் வைகாசியில் எடுத்த தேனும் ஒன்றல்ல. பூ மாறினால் சர்க்கரைகளின் விகிதம் மாறும், மழை வந்தால் ஈரம் ஏறும், பூ இல்லாத பஞ்சகாலம் கழிந்து வந்த முதல் தேனில் தேனீக்கு நாம் ஊட்டிய சீனியே எட்டிப் பார்க்கும்.

அதனால் குப்பியைக் கையில் எடுத்துப் பழி சொல்லுமுன், விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த மாதம் எடுத்தது? எந்தப் பக்கத்துப் பெட்டி? இதற்குப் பதில் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. பதில் கிடைத்தால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடுங்கள்.

நம் மாவட்டத்தின் தேன் காலம்

மேற்குப் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்து, தை கடைசியில் செம்பழுப்பாகத் துளிர்க்கும். துளிர் விரிந்து பச்சையாகும் அந்தச் சில வாரங்கள்தான் தேன் சீசன். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஒரு தாழ்ந்த கிளையை வளைத்து, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய சில மேடுகள் தெரியும். காலை வெயில் ஏறுமுன் அவற்றின்மேல் ஒரு துளி மினுங்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. இலை முற்றிவிட்டால் அந்தச் சுரப்பு நின்றுவிடும்.

கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வேறு உலகம். அங்கே காற்றும் வெயிலும் அதிகம், ரப்பர் கிடையாது. புளி, வேம்பு, தென்னை, ஆங்காங்கே கொல்லமாவு (முந்திரி) என்று பல பூக்களின் தேன் கலந்து வரும். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்த பிறகு செப்டம்பர் வரை மாவட்டம் முழுவதும் பெட்டிகளுக்குப் பட்டினிக் காலம். சீனிப்பாகு ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டும். ஐப்பசியில் துலா மழைக்கு நடுவிலும் பெட்டி மெல்லப் பெருகும். தைக்குள் பலம் பெற்று ரப்பர் துளிருக்குத் தயாராக நிற்கும்.

இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அறிகுறி: குப்பியின் அடியில் சீனிபோல் உறைகிறது, அல்லது முழுதும் கட்டியாகிவிட்டது

எடுத்த மாதம் மாசி, பங்குனி என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதே. தேனில் உள்ள சர்க்கரைகளில் பெரியவை இரண்டு: ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ். ஃப்ரக்டோஸ் தண்ணீரில் நன்றாகக் கரைந்து நிற்கும். குளுக்கோஸுக்கு அந்தப் பொறுமை இல்லை; அளவு கூடினால் பளிங்காகப் பிரிந்து அடியில் இறங்கும். பெரும்பாலான தேன்களில் ஃப்ரக்டோஸ் ஒரு கை கூடுதலாக இருக்கும். ரப்பர் தேனில் குளுக்கோஸும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடுவதால் சீக்கிரம் உறைகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆய்வு முடிவில் உள்ள குளுக்கோஸ் சதவீதத்தை ஈர சதவீதத்தால் வகுங்கள். 2-க்கு மேல் வந்தால் அந்தத் தேன் விரைவில் உறையும்; 1.7-க்குக் கீழே என்றால் அநேகமாக உறையாது. நல்ல தேன் உறையவே உறையாது என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் அதனால்தான் பல வியாபாரிகள் தேனைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி விற்கிறார்கள். வாங்குகிறவர் பயப்படக் கூடாதென்று தேனைக் கெடுக்கிறார்கள்.

சரிசெய்ய: அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரி வரை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு துணியை விரித்து, மூடியைத் தளர்த்திய குப்பியை அதில் இறக்குங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். அடுப்பில் நேராக வைப்பதும் மைக்ரோவேவில் சுழற்றுவதும் வேண்டாம். சூடு ஏற ஏற எச்.எம்.எஃப். என்ற பொருள் தேனில் பெருகும், தேனீ சேர்த்த நொதிகள் செத்துப்போகும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி எச்.எம்.எஃப். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குப்பியை ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 14 டிகிரியைச் சுற்றித்தான் தேன் மிக வேகமாக உறைகிறது. நம் ஊர் அடுக்களை அலமாரியே போதும்.

உறைந்ததை அப்படியே கரண்டியால் எடுத்து தோசைக்குத் தடவிச் சாப்பிட்டாலும் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அறிகுறி: மேலே தண்ணீராக ஒரு அடுக்கு, கீழே கட்டி

உறைதலின் அடுத்த கட்டம் இது. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குளுக்கோஸ் பளிங்காகி அடியில் போனதும், அது பிடித்து வைத்திருந்த ஈரத்தில் ஒரு பங்கு மேலே உள்ள தேனோடு சேர்கிறது. எடுக்கும்போது 20 சதவீத ஈரம் இருந்த தேனின் மேலடுக்கு இப்போது அதைவிட நீர்த்துப் போயிருக்கும். அந்த அடுக்கில்தான் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும்.

முகர்ந்து பாருங்கள். தேன் மணம் மட்டும் என்றால் மேலே சொன்னபடி வெந்நீரில் இளக்கி, நன்றாகக் கலக்கி, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். கள் வாடை அடித்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: மேலே நுரை, மூடி திறந்தால் 'புஸ்' சத்தம், கள் வாடை

இந்தப் பட்டியலிலேயே உண்மையான கோளாறு இதுதான். மற்றவை எல்லாம் பருவத்தின் குணம். இது எடுத்தவரின் அவசரம், அல்லது வைத்தவரின் கவனக்குறைவு.

பூவிலிருந்தோ இலைக்காம்பிலிருந்தோ தேனீ கொண்டுவரும் மதுநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான ஈக்கள் இறக்கை வீசி அதை வற்றவைத்து, போதுமான அளவு வற்றியதும் அடையின் அறையை மெழுகால் மூடும். மூடாத அறை என்றால் இன்னும் வேகாத சோறு என்று அர்த்தம். ரப்பர் சீசனில் மதுநீர் கொட்டிக்கொண்டு வரும். வற்றவைப்பதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். அந்த வேகத்தில் சிலர் வாரத்துக்கொரு முறை பெட்டியின் மேல்தட்டான தேன் அறையின் சட்டங்களை உருவி, தேன் எடுக்கும் எந்திரத்தில் சுற்றிவிடுகிறார்கள். அளவு கூடும். ஈரமும் கூடும். ஏற்கெனவே இந்தியத் தேனீயின் தேனில், குறிப்பாக நம் ஊர்க் காற்றில், ஈரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் உச்சம் 20 சதவீதம். அதைத் தாண்டிய தேனில் ஈஸ்ட் வேலை செய்யும். 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குக் கதி இல்லை.

பெட்டி வைத்திருப்பவர்கள் எடுக்குமுன் செய்யக்கூடிய சோதனை எளிது. சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளிகள் தெறித்தால் திரும்ப உள்ளே வையுங்கள். முக்கால் பங்கு அறைகளாவது மெழுகு மூடியிருந்தால் எடுக்கலாம். நேரமும் முக்கியம்: இரவெல்லாம் பெய்து காலையில் வெளுத்த நாளில் எடுக்காதீர்கள். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு எடுங்கள். கையில் காசு இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு துளித் தேனைக் கண்ணாடியில் வைத்து, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஈர அளவு கோடாகத் தெரியும். தேனுக்கென்று அளவு குறித்த கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். பழச்சாற்றுக்கானது இந்த அளவுக்கு எட்டாது.

நன்றாக வற்றிய தேனும் வீட்டில் கெடலாம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் 18 சதவீத ஈரமுள்ள தேன் ஏறாமல் இறங்காமல் நிற்கும். இடவப்பாதி மழைக் காலத்தில் நம் வீட்டுக் காற்று அதைவிட எவ்வளவோ நனைந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்த குப்பி அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரக் கரண்டி போட்டால் கேட்கவே வேண்டாம்.

நுரைத்தபின் என்ன செய்யலாம்? லேசான நுரையும் லேசான வாடையும் மட்டுமென்றால், குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கித் தேனின் சூட்டை 63 டிகிரிக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் செத்துப்போகும். பிறகு உடனே ஆற்றுங்கள். ஆனால் ஏறிய ஈரம் இறங்காது, புளிப்பும் போகாது. அதைச் சமையலுக்கோ இனிப்புக்கோ பயன்படுத்தித் தீர்க்க வேண்டியதுதான். நுரை பொங்கி வாடை மூக்கைத் துளைத்தால் கொட்டிவிடுங்கள். மருந்துக்கு வாங்கிய தேன் என்றால் லேசான நுரைக்கே விடை கொடுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எந்த மாதத்துத் தேனும், எவ்வளவு சுத்தமான தேனும் ஒரு வயது முடியாத குழந்தைக்குக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது; குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

அறிகுறி: நுரை இல்லை, வாடை இல்லை, ஆனால் தண்ணீராக ஓடுகிறது

சித்திரைக் கடைசியில், கோடை மழை விழத் தொடங்கியபின் எடுத்த தேன் கொஞ்சம் இளகித்தான் இருக்கும். நாள் சூடாக இருந்தாலும் இளகும். மதியம் இரண்டு மணிக்கு ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஆளுக்கொரு சோதனை செய்கிறார்கள். தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்க வேண்டும், தீக்குச்சியில் தடவி உரசினால் பற்ற வேண்டும், எறும்பு வரக் கூடாது, நாய் நக்கக் கூடாது. முதல் இரண்டும் ஈரத்தைத்தான் காட்டும். கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் அழகாக இறங்கும். நம் ஊர் அசல் தேன், ஈரம் கூடுதலாக இருந்தால், தீக்குச்சிச் சோதனையில் தோற்றுப்போகும். எறும்புக்கும் நாய்க்கும் இதில் வேலை இல்லை. அரிசியிலிருந்தோ சோளத்திலிருந்தோ எடுத்த பாகைக் கலந்தால் ஆய்வகத்தில் மட்டுமே பிடிபடும். அங்கேயும் எல்லாப் பாகையும் ஒரே சோதனையில் பிடித்துவிட முடியாது.

அறிகுறி: நிறம் கறுத்துவிட்டது

எடுத்தபோதே கறுப்பா, வீட்டில் வைத்துக் கறுத்ததா என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தேன் இளம் பொன்னிறம். சீசன் முடிந்து, கலவைப் பூக்களில் எடுத்தது கொஞ்சம் ஆழ்ந்த நிறம். பழைய, கறுத்த அடையில் இருந்து பிழிந்தாலும் நிறம் ஏறும். குஞ்சு வளரும் புழு அறையின் அடையையும் சேர்த்துக் கையால் பிழிந்தவர்களின் தேன் கலங்கலாக, மகரந்தம் மிதந்து வரும். சீசனில் தேன் அறையைத் தனியாக வைத்துச் சுற்றி எடுப்பவரிடம் இந்தக் கலங்கல் இருக்காது.

வைத்துக் கறுத்தது என்றால் காரணம் சூடு. தகரக் கூரைக்கு அடியில், பைக் பெட்டிக்குள், கடைக் கண்ணாடி அலமாரியில் மதிய வெயிலில் நின்ற குப்பி சில மாதங்களில் கறுத்துவிடும். கெட்டுப்போகவில்லை, ஆனால் மணம் போயிருக்கும், எச்.எம்.எஃப். ஏறியிருக்கும். போன சீசன் தேனை இந்த சீசன் விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அறிகுறி: லேசான கசப்பு, தொண்டையில் காரல்

கிழக்குப் பக்கத்துத் தேனா, பங்குனி சித்திரையில் எடுத்ததா என்று கேளுங்கள். வேம்பு பூக்கும் காலம் அது. கசப்பு அங்கிருந்து வரலாம். ஞாவல் பூவும் கொஞ்சம் துவர்ப்பைக் கொடுக்கும். காய்ச்சித் தீய்ந்த கசப்பு வேறு. அதில் கருகிய சீனி வாசனை தனியாகத் தெரியும்.

அறிகுறி: புளிக்கிறது, மிகவும் நீர்த்திருக்கிறது, விலை மட்டும் பல மடங்கு

அது சிறுதேனாக இருக்கலாம். சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் மூங்கில் குழாயிலும் கூடு கட்டும், கொட்டாத சின்ன ஈயின் தேன். அதன் ஈரம் 25 சதவீதத்துக்கு மேல் இருப்பதே இயல்பு, புளிப்பும் இயல்பு. பெட்டித் தேனுக்கான அளவுகோலை அதற்கு வைக்காதீர்கள். ஆனால் அதுவும் நுரைக்கும் என்பதால் குறைவாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்ப்பது நல்லது. இந்த ஒரு தேனுக்கு மட்டும் ஃபிரிட்ஜ் சரி.

அறிகுறி: ஆய்வறிக்கையில் மகரந்தம் குறைவு

பாக்கெட் போட்டு விற்கும் சிறு வியாபாரிகள் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். ரப்பர் தேன் இலைக்காம்பில் சுரந்தது என்று மேலே சொன்னேன். பூவுக்கே போகாமல் எடுத்த தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அக்கம்பக்கத்துத் தென்னை, தோட்டத்துக் களைச்செடி இவற்றின் மகரந்தம்தான் கொஞ்சம் இருக்கும். அறிக்கை கேட்கும்போதே இது ரப்பர் சீசன் தேன் என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

அறிகுறி: ஆய்வறிக்கையில் சுக்ரோஸ் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது

இது பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. கலப்படம் செய்யாதவருக்கும் இப்படி வரும், வந்தால் வாதாட முடியாது.

இரண்டு வழியில் வரும். ஒன்று, மூடாத அறைத் தேன். மதுநீரில் உள்ள சுக்ரோஸை, அதாவது சீனிச்சத்தை, ஃப்ரக்டோஸாகவும் குளுக்கோஸாகவும் உடைப்பது தேனீ சேர்க்கும் நொதி. அதற்கு நாள் வேண்டும். சீக்கிரம் எடுத்தால் உடையாத சுக்ரோஸ் மிஞ்சும். பொறுத்து எடுத்தால் இது தானே சரியாகும்.

இன்னொன்று, பஞ்சகாலத்தில் கொடுத்த சீனிப்பாகு. ஆடியில் கொடுத்ததை ஈ தின்று தீர்த்துவிடும். சிக்கல் வருவது மார்கழியிலும் தையிலும் பெட்டியைப் பெருக்க வேண்டுமென்று கூடுதலாக ஊட்டும்போதுதான். தின்றது போக மிஞ்சிய பாகை ஈ அடையில் சேமித்து வைக்கும். துளிர் விட்டு ரப்பர் தேன் வந்ததும் அதே அறைகளில் மேலே நிரப்பும். முதல் எடுப்பில் இரண்டும் கலந்து வரும்.

துளிர் சிவப்பாகத் தெரியத் தொடங்கியதுமே பாகை நிறுத்துங்கள். தேன் அறையை அதற்குப் பிறகே ஏற்றுங்கள். பாகு ஊட்டிய காலத்தில் ஏற்றி வைத்த அறை என்றால் அதன் அடையை முதலில் காலி செய்யுங்கள். ஒரு சங்கடம் உண்டு. மாசியில் எதிர்பாராத மழை பெய்து இலைக்காம்புத் துளியைக் கழுவிவிட்டாலோ, துளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை கொட்டினாலோ, பாகும் இல்லாமல் தேனும் இல்லாமல் பெட்டி இளைத்துவிடும். அந்த ஆண்டு மீண்டும் ஊட்டத்தான் வேண்டும். ஊட்டிய நாளைப் பெட்டியின் மூடியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் முதல் எடுப்பை விற்பனைத் தேனோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். ஆடி, ஆவணியில் அதையே உங்கள் பெட்டிகளுக்குத் திரும்ப ஊட்டிவிடலாம். நுரைத்துப் போயிருந்தால் மட்டும் வேண்டாம். அடுத்தவர் தோட்டத்துத் தேனை, விலை மலிவு என்பதற்காக, ஈக்கு ஊட்டாதீர்கள். நோய் அந்த வழியிலும் வரும். 1991-92-இல் 'தாய்லாந்து சாக்புரூட்' என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை அழித்ததை இங்கே பெட்டி வைத்திருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. உங்கள் பெட்டியிலேயே புழு மூடாத அறையில் பைபோல் வீங்கிச் செத்துக் கிடந்தால், அந்தப் பெட்டியின் தேனை மற்றப் பெட்டிகளுக்கும் ஊட்டக் கூடாது.